நம் கம்பெனியை நாமே ஆடிட் செய்வது எதற்கு?

ஹெப்பகோடியில் பயோகான் மருந்து ஆலை, பக்கத்திலேயே பொம்மசந்திரா தொழிற்பேட்டை. ஓசூரிலிருந்து பஸ் ஏறி இங்கே வேலைக்கு வரும் தமிழர்கள் ஏராளம். நீங்களும் அவர்களில் ஒருவரானால், "அடுத்த வாரம் இன்டர்னல் ஆடிட்" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள்.

இது கணக்குத் தணிக்கையா?

இல்லை. எழுதி வைத்த முறைப்படி வேலை நடக்கிறதா, அந்த முறையால் பலன் இருக்கிறதா என்று நிறுவனம் தன்னையே சோதித்துக்கொள்வது இது. ஐஎஸ்ஓ 9001 (தர மேலாண்மைக்கான உலகத் தரநிலை) சான்று வாங்கிய எல்லா நிறுவனங்களுக்கும் இது கட்டாயம். மருந்து ஆலைகளிடம் நம் நாட்டு மருந்து விதிகளின் 'அட்டவணை எம்' சுய ஆய்வு கேட்கிறது.

யார் வந்து பார்ப்பார்கள்?

பயிற்சி பெற்ற உங்கள் சக ஊழியர்களே. நடுநிலை வேண்டுமென்பதால், தன் வேலையைத் தானே யாரும் ஆடிட் செய்வதில்லை. உற்பத்திப் பிரிவை ஸ்டோர்ஸ்காரர் பார்க்கலாம்.

குறை கண்டுபிடித்தால் என் தலையில் விழுமா?

விழக் கூடாது. ஓர் உதாரணம். உங்கள் வெர்னியர் காலிபரில் ஒட்டியிருக்கும் கேலிபிரேஷன் (அளவு சரியா என்ற சோதனை) ஸ்டிக்கரில் தேதி முடிந்துவிட்டது. ஆடிட்டர் அதை என்.சி. (முறை மீறப்பட்டது என்ற பதிவு) என்று எழுதுகிறார். மறுநாளே சோதித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டி 'குளோஸ்' பண்ணிவிடலாம். ஆனால் அதோடு விட்டால் அடுத்த ஆடிட்டிலும் இதே என்.சி. வரும்.

தேதி ஏன் தவறியது? சோதனைப் பட்டியலில் அந்தக் கருவியே இல்லை. ஏன் இல்லை? அவசரத்துக்கு நேரடியாக வாங்கியதால் ஸ்டோர்ஸில் பதிவாகவில்லை. அப்படியானால் திருத்த வேண்டியது வாங்கும் முறையை. அதே வழியில் வந்த மற்ற கருவிகளையும் தேட வேண்டும். காலிபர் தப்பாகக் காட்டியிருந்தால், அதால் அளந்து அனுப்பிய பாகங்களையும் மறுபடி பார்க்க வேண்டும்.

நாமே ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?

வெளியார் கண்ணில் பட்டால் விலை அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆலைக்கு வந்து குறை கண்டால் 'படிவம் 483'இல் எழுதித் தரும். 15 வேலை நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கும். உள் ஆடிட்டில் தெரிந்தால் நிதானமாகச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

ஆடிட்டர் கேட்கும்போது என்ன சொல்வது?

நிஜமாகச் செய்வதைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். விட்டுப்போன பதிவை முந்தைய தேதி போட்டு நிரப்பாதீர்கள். மருந்துத் துறையில் அது குறையைவிடப் பெரிய குற்றம். எழுதிய முறை நடைமுறைக்கு ஒத்துவரவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள். மாற்றம் அங்கேதான் தொடங்கும்.

நீங்கள் மேலாளரா?

என்.சி.க்காக ஒருவரைத் திட்டினால், அடுத்த முறை பத்துப் பேர் குறையை மறைப்பார்கள். ஓசூர் டிவிஎஸ் மோட்டார் 2002இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. குறையை வெளியே சொல்ல ஊழியர்கள் அஞ்சும் இடத்தில் அந்தத் தரம் வளராது. கடந்த மூன்று ஆடிட் அறிக்கைகளை அருகருகே வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் என்.சி. எது? உங்கள் அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் முதலில் அதை எடுங்கள்.