ஓடாமலே மூப்படையும் டயர்

தேய்வு வேறு, மூப்பு வேறு. தேய்வு உழைப்பால் வருவது. மூப்பு காலத்தால் வருவது. செருப்பு நடக்க நடக்கத் தேய்கின்றது. பெட்டியில் பல்லாண்டு கிடந்த ரப்பர் வளையமோ, எவரும் தொடாதிருந்தும், ஒருமுறை இழுத்தவுடன் அறுந்துவிடுகின்றது. இவ்விரு குறைகளும் ஒருங்கே வந்து சேரும் பொருள்களுள் ஒன்று மலைமிதிவண்டியின் டயர்.

1970-களில் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாநிலத்து மரின் மலைச்சரிவுகளில் இளைஞர் சிலர் தடித்த டயர் பூண்ட பழைய மிதிவண்டிகளைச் செலுத்தி மகிழ்ந்தனர். அவ்விளையாட்டே மலைமிதிவண்டி தோன்றக் காரணமாயிற்று. பின்னர், 1999-ஆம் ஆண்டில், டியூப் இல்லாத டயர் முறையைப் பிரான்சு நாட்டு நிறுவனங்கள் இவ்வண்டிகளுக்கு அளித்தன.

இம்முறையில் டயரின் ஓரம், ‘ரிம்’ எனப்படும் சக்கர வளையத்தை இறுகப் பற்றிக் காற்றைக் காக்கின்றது. உள்ளே ரப்பர்ப்பால் கலந்த நீர்மம் சிறிது ஊற்றப்படுகின்றது. முள் தைத்தால், வெளியேறும் காற்றுடன் அந்நீர்மமும் துளைக்கு விரைந்து, உறைந்து அதனை அடைத்துவிடும். ஆனால் சில திங்களில் அது உலர்ந்து போகும். அதன்பின் தைக்கும் முள்ளைத் தடுப்பார் இல்லை.

இனித் தேய்வைக் காண்போம். பின்சக்கரம் மிகுந்த பாரத்தைத் தாங்கி வண்டியை உந்துவதால், அதன் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழ்கள் விரைவில் தேய்கின்றன. வளைவுகளில் சாயும்போது மண்ணைப் பற்றுபவை பக்கக் குமிழ்கள். முன்சக்கரம் வழுக்கினால் விழாமல் தப்புதல் அரிது. ஆதலின் தேய்ந்த பின்டயரை முன்னே மாட்டுதல் சிக்கனமன்று, உயிருடன் விளையாடுவதாகும்.

மூப்போ கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. ரப்பர், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆயது. அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்பதை 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். எனினும் காற்றிலுள்ள ஆக்சிசன் அச்சங்கிலிகளை நாளும் தாக்குகின்றது. வெப்பமும் வெயிலும் அதற்குத் துணை செய்கின்றன. ஓசோன் என்னும் வாயுவோ, இழுபட்டு நிற்கும் ரப்பரையே நாடித் தாக்கி, வெடிப்புகளை உண்டாக்கும். காற்றடைத்த டயரின் பக்கச்சுவர் எப்போதும் இழுபட்டே இருப்பதால், வெடிப்பு அங்கே தோன்றுகின்றது.

இதனைத் தடுக்க, டயர் செய்வோர் கரித்தூளையும் ஒருவகை மெழுகையும் ரப்பரில் கலக்கின்றனர். சக்கரம் உருண்டு டயர் வளைந்து நிமிரும்போது மெழுகு மேற்பரப்புக்கு வந்து போர்வை போலக் காக்கும். ஓடாமல் நிறுத்திய டயருக்கு அப்போர்வை எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே, குமிழ்கள் புதியனபோல் நிற்க, பக்கச்சுவர் மட்டும் முதுமை எய்திவிடுதலும் உண்டு.

இத்தகைய டயரை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். ஓசோனை உண்டாக்கும் மின்பொறிகளின் அருகில் வைத்தல் கூடாது. மலைச்சரிவில் இறங்குமுன் பக்கச்சுவரை விரலால் அழுத்திப் பார்த்தல் நன்று. ஆழ்ந்த வெடிப்போ, உள்ளிழையோ தென்பட்டால், குமிழ்கள் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் அந்த டயரை நீக்கிவிடுக. உழையாத பொருள் கெடாது என்று எண்ணுதல் தவறு; உழைப்பில்லாதபோதும் காலம் தன் பணியைச் செய்துகொண்டே இருக்கின்றது.