ஒரு விரல் சுண்ணாம்பு: கள்ளும் அரசும்

பனம்பாளையைச் சீவினால் சொட்டுவது ஒரே சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர்; தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள். முதலாவதை விற்கலாம், இரண்டாவதை இறக்கினால் வழக்கு. குற்றம் என்பது ஒரு விரல் சுண்ணாம்பு இல்லாமல் போவதுதான். சுண்ணாம்புக்கல்லை வெட்டியே சிமெண்ட் ஆலைகள் வளர்ந்த அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பனைகளின் கீழ் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையாகப் படுகிறது.

இதை ஒழுக்கத்தின் கதையாகவே நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். தேதிகள் வேறு கதை சொல்கின்றன. 1937இல் சேலத்தில் மதுவிலக்கு. 1971இல் தளர்வு; பிறகு மூடல்; 1981இல் கள், சாராயக் கடைகள் மீண்டும் திறப்பு. 1983இல் டாஸ்மாக். 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் இல்லை; ஆலைப் புட்டி மட்டும் இருந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. அப்படியானால் குடிக்கிறத நிறுத்தச் சொன்னாங்களா, வாங்குற எடத்த மாத்தச் சொன்னாங்களா?

கள்ளின் 'குறை' அதன் இயல்பிலேயே இருக்கிறது. மறுநாள் அது காடியாகிவிடும். கிடங்கில் அடுக்க முடியாது, தூர ஊருக்கு அனுப்ப முடியாது. மரமும் மரமேறியும் குடிப்பவனும் ஒரே ஊரில் இருந்தாக வேண்டும். வெள்ளைக்காரன் மரத்துக்கு மரம் எண்ணி வரி போட்டான். சிதறிக் கிடக்கும் ஆயிரம் கலயங்களைவிட, கழிவுப்பாகிலிருந்து ஆலை வடிக்கும் புட்டியை எண்ணுவது எளிது என்று பின்னால் வந்த அரசு கண்டுகொண்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மெக்சிகோவில் 1974இல் 'டெகீலா' என்ற பெயருக்கும், 1994இல் 'மெஸ்கால்' என்ற பெயருக்கும் சட்டம் எல்லை வகுத்தது. அதே கற்றாழையைத் தலைமுறைகளாகக் காய்ச்சி வந்தவர்கள்கூட, எல்லைக்கு வெளியே இருந்தால், சான்றிதழுக்குக் கட்ட வழியில்லாவிட்டால், தங்கள் சரக்கைத் தங்கள் சொல்லால் அழைக்க முடியாது. கற்றாழை முற்ற ஆறேழு வருஷம் ஆகும். அதற்குள் விலை சரிந்தால் பெரிய கம்பெனி தாங்கும், சிறு வடிப்பவர் தாங்கமாட்டார். அங்கே பெயர் பறிபோகிறது. இங்கே தொழிலே போயிற்று. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொட்டைக்குத்தான் விலை. அதே பழத்தில் வடிக்கும் ஃபெனிக்குக் கோவா 2009இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.

தோழர்கள் கோபப்படலாம்: குடியால் அழிந்த வீடுகள்? அந்தப் பெண்களின் கோபம் நியாயமானது. கள்ளைப் புனிதமாக்கி அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். பனையில் ஊறாத ஆலை ரசாயனம். குடிக்கலாமா என்பது ஒரு கேள்வி. யார் இறக்கலாம், யார் விற்கலாம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியைக் காட்டி இரண்டாவதற்கு அரசு தானே விடை எழுதிக்கொண்டது. மரமேறியிடம் அதை யாரும் கேட்கவேயில்லை.