இயந்திரமின்றிப் பறக்கும் சிறு விமானம்

விமானம் என்றவுடன் அதன் இயந்திரத்தின் பேரொலியே நம் நினைவிற்கு வரும். ஆயினும் இயந்திரம் யாதுமின்றிப் பறக்கும் விமானமும் உண்டு. அதனைக் கிளைடர் என்பர். மேட்டினின்று இறங்கும் வண்டி மாடின்றியே உருண்டோடுமாறு போல, கிளைடரும் காற்றினிடையே சிறிது சிறிதாய்த் தாழ்ந்து, அத்தாழ்வினாலேயே முன்னோக்கிச் செல்கின்றது.

ஜெர்மனி தேசத்து ஓட்டோ லிலியந்தால் என்பார் 1891 முதல் இத்தகைய சிறகுகளிலே தாமே தொங்கிப் பறந்து பழகினார். 1896 ஆகஸ்டு 9ஆம் நாள் அவருடைய கிளைடரின் மூக்கு மேனோக்கி எழுந்தது, வேகம் குன்றிற்று. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தினின்று வீழ்ந்த அவர் மறுநாள் உயிர் துறந்தார். மூக்கு எழுதலால் வரும் கேடு யாது? சிறகு அளவுக்கு மிஞ்சிய சாய்வுடன் காற்றை எதிர்க்குமாயின், அதன் மேற்புறத்தை ஒட்டியோடும் காற்று பிரிந்து போகும். உடனே தாங்கும் ஆற்றல் குன்றும். இவ்வுண்மையைக் கையடக்கமான விமானமொன்றில், எவர்க்கும் தீங்கின்றி நாமே கண்டறியலாம்.

அதற்கு வேண்டும் பொருள்கள் அம்மாபேட்டைக் கடைத்தெருவிலேயே கிடைப்பன. 30 செ.மீ. நீளமுள்ள மெல்லிய மூங்கிற் சிம்பு உடலாகும். 3 மி.மீ. தடிப்புள்ள தெர்மாகோல் தகட்டில் 40 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் உள்ள சிறகொன்றும், 14 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள கிடைவாலொன்றும், நிமிர்ந்து நிற்கும் சிறு வாலொன்றும் வெட்டுக. சிறகை நடுவிற் கீறி, இரு முனைகளும் 3 செ.மீ. உயருமாறு மடித்து ஒட்டுக. ஒருபுறம் தாழ்ந்தாலும் விமானம் தானே நிமிர்வதற்கு இவ்வளைவே காரணம். சிறகின் முன்விளிம்பின் கீழே தீக்குச்சியொன்றை வைத்துச் சற்றே உயர்த்துக. தெர்மாகோலைக் கரைக்கும் பசைகளை விலக்கி, தச்சர் வழங்கும் வெண்பசையைக் கொள்க. பின்னர், முன்விளிம்பிலிருந்து சிறகின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு தள்ளி, இருபுறமும் விரல் நுனியால் தாங்குக. உடல் சமமாய் நிற்குமளவும் மூக்கில் களிமண் ஒட்டுக.

காற்றடங்கிய விடியற்காலையே பறக்கவிடுதற்கு ஏற்றது. மூக்கைச் சற்றே தாழ்த்தி, வீசியெறியாது மெல்லத் தள்ளிவிடுக. மூக்கைத் தூக்கி நின்று பின் சரியுமாயின், அதுவே லிலியந்தாலை வீழ்த்திய குற்றம். களிமண்ணைச் சிறிது கூட்டுக. தலைகீழாய்ப் பாயுமாயின், களிமண்ணைக் குறைக்க. ஒரு முறைக்கு ஒரு திருத்தமே செய்தல் வேண்டும். இரண்டினை ஒருங்கே செய்தால் எதனால் நலம் விளைந்ததென்பது புலப்படாது. தோளுயரமான 1.5 மீட்டரினின்று விட்டது 9 மீட்டர் சென்று தரையைத் தொடுமாயின், ஒரு மீட்டர் தாழ்விற்கு ஆறு மீட்டர் சென்றதாகும்.

கோடை நண்பகலில் சேலத்து வெளிகளிற் பருந்துகள் சிறகசைக்காது வட்டமிட்டு உயர்வதைக் காண்கிறோம். வெயிலாற் காய்ந்த நிலத்தினின்று எழும் வெப்பக்காற்றே அவற்றை ஏந்துகின்றது. நன்கு சீர்செய்த கிளைடரும் அக்காற்றிற் புகின் தாழ்வதற்கு மாறாக உயரும். உலகப் போட்டிகளில் 50 மீட்டர்க் கயிற்றால் ஏற்றி விடப்படும் கிளைடர்கள் இதன் துணையாலேயே நெடும்பொழுது நிற்கின்றன.

லிலியந்தாலுக்கு இரண்டாம் முறை வாய்க்கவில்லை. நம் சிறு விமானமோ நூறு முறை வீழ்ந்தாலும் மீண்டும் எழும். ஆதலின் வீழ்ந்ததை வெறுத்து எறியாது, எவ்வாறு வீழ்ந்ததெனக் குறித்து வைத்தலே இக்கலை பயில்வார் முதற் கடமையாகும்.