குறைமாசப் பிள்ளைக்கு உரம் எடுக்காதீங்க!

ஏழாம் மாசத்திலேயே பிறந்து, ஒண்ணேகால் கிலோ எடையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை மாசம் இருந்துவிட்டு, ஒருவழியாக வீட்டுக்கு வந்திருக்கிறது உங்கள் பேரக்குழந்தை. ஆரத்தி எடுத்தாச்சு. மறுநாளே வீட்டில் எழும் கேள்வி: ''குளிப்பாட்டிவிட யாரைக் கூப்பிடலாம்?''

கொஞ்சம் பொறுங்கள்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் பிள்ளை குளிப்பாட்டுவது என்றால் வெறும் தண்ணீர் ஊற்றுகிற சமாச்சாரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் வைத்து அழுத்தி நீவி, கையைக் குறுக்கே இழுத்து, காலை மடக்கி நீட்டி... ராத்திரி விடாமல் அழுதால், 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டுவதும் உண்டு. நிறைமாசத்தில் மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை தாங்கிக்கொள்ளலாம். (அதையுமே குலுக்கக் கூடாது என்பதுதான் டாக்டர்கள் கட்சி.) ஆனால் 32 வாரத்துக்கு முன்பே, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தை? அதன் எலும்பு வேறு ரகம்.

கடைசி மூணு மாசச் சேமிப்பு

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை தன் எலும்புக்கான கால்சியம், பாஸ்பரஸில் சுமார் 80 சதவிகிதத்தைச் சேர்ப்பது எப்போது தெரியுமா? கடைசி மூன்று மாசத்தில்தான்! ஒரு கிலோ எடைக்கு, ஒரு நாளைக்கு 100 முதல் 120 மில்லி கிராம் கால்சியம் தொப்புள்கொடி வழியாகப் போய்ச் சேருகிறது. முன்கூட்டியே பிறந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

''அதான் தாய்ப்பால் குடிக்குதே?'' என்பீர்கள். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் 100 மில்லி தாய்ப்பாலில் இருக்கும் கால்சியம் 25 முதல் 30 மில்லி கிராம்தான். பாஸ்பரஸ் அதிலும் பாதி. வயிற்றுக்குள் கிடைத்த அளவை எட்ட இது போதாது. அதனால்தான் மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தாய்ப்பாலிலேயே சத்துத்தூள் கலந்து கொடுக்கிறார்கள், அல்லது கால்சியம்-பாஸ்பேட் மருந்து எழுதுகிறார்கள். 'பாலில் பவுடர் எதுக்கு?' என்று வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பலர் செய்கிற தவறு இது.

இன்னொரு விஷயம். கருப்பை ஒரு உடற்பயிற்சிக்கூடம்! குழந்தை உதைக்கிறது, கருப்பைச் சுவர் திருப்பித் தள்ளுகிறது. அந்த எதிர்ப்புதான் எலும்புக்கு உரம் (இது நிஜ உரம்). எடை தாங்காத எலும்பு கரையும் என்பதற்கு விண்வெளி வீரர்களே சாட்சி. அங்கே மாசத்துக்கு ஒரு சதவிகிதத்துக்கும் மேல் எலும்பை இழக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கும் உதைக்கச் சுவர் இல்லை. ஆஸ்பத்திரியில் துண்டைச் சுருட்டிக் குழந்தையைச் சுற்றிக் கூடுபோல் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது அழகுக்காக இல்லை.

அஞ்சு நிமிஷப் பயிற்சி

அப்படியானால் கை காலை அசைத்துவிட்டால் எலும்பு பலப்படுமா? அமெரிக்காவில் 1995-ல் இதைச் சோதித்தார்கள். 26 குறைமாசக் குழந்தைகள். அதில் பாதிப் பேருக்கு, தினமும் அஞ்சு, பத்து நிமிஷம் மணிக்கட்டு, முழங்கை, தோள், கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டி, இதமாக ஒரு சின்ன அழுத்தம். நாலு வாரத்தில் எடையும் எலும்பின் தாதுச்சத்தும் மற்றக் குழந்தைகளைவிடக் கூடியிருந்தது. 2008-ல் வந்த இன்னொரு ஆய்வில், கற்றுக்கொடுத்த பிறகு அம்மாக்களே செய்தபோதும் பலன் கிடைத்தது.

உடனே ஆரம்பித்துவிடாதீர்கள்! 2014-ல் இப்படிப்பட்ட 11 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் பலன் உண்டு, நீண்ட காலப் பலன் நிரூபணமாகவில்லை, எல்லாக் குழந்தைக்கும் கட்டாயமாக்க ஆதாரம் போதாது என்பதுதான் முடிவு. என் கணக்கில் பாலும் மருந்தும் சாப்பாடு என்றால், பயிற்சி ஊறுகாய் மாதிரி. டாக்டர் சரி என்ற பிறகு, பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையைப் பிடித்துக் காட்டித் தந்தால் மட்டும் செய்யுங்கள். நம்ம ஊர் நீவலுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: இதில் இழுப்பு கிடையாது. குழந்தை முகம் சுளித்தால் நிறுத்திவிட வேண்டும்.

எண்ணெய் தடவலாமா? தேங்காய் எண்ணெயை மெத்தென்று தடவுவதில் தப்பில்லை. அமுக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, தலைகீழாகப் பிடிக்கவே கூடாது. துணி மாற்றும்போது இரண்டு காலையும் ஒரே கையில் கொத்தாகப் பிடித்துத் தூக்குவோமே, அதையும் விடுங்கள். இடுப்புக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள்.

வெயில் போதுமா?

விருதுநகரில் வெயிலுக்கா பஞ்சம்! வெயில் தருவது வைட்டமின் டி மட்டும்தான்; பாஸ்பரஸைத் தராது. அந்த மெல்லிய தோலை நம்ம ஊர் வெயிலில் போடவும் வேண்டாம். பொதுவாக ஒரு நாளைக்கு 400 யூனிட் சொட்டு மருந்தே எழுதுவார்கள். ஜாக்கிரதை: கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் பாட்டிலும் உண்டு, 800 யூனிட் பாட்டிலும் உண்டு. கம்பெனி மாறினால் அளவைத் திரும்பக் கேளுங்கள்.

நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் 'கங்காரு' முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இன்னும் வலியுறுத்தியது. நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

எப்போது ஓடணும்?

எலும்பு மெலிவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் தாதுச்சத்து நிறையவே குறைந்திருக்கும். அதனால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு நாலு முதல் ஆறு வாரத்தில் ரத்தத்தில் பாஸ்பரஸ், 'அல்கலைன் பாஸ்படேஸ்' இரண்டையும் பார்ப்பது வழக்கம். டாக்டர் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். ஒரு கையையோ காலையோ மட்டும் அசைக்காமல் வைத்திருந்தால், தொட்டால் வீறிட்டால், வீங்கினால் அது 'உரம்' இல்லை. எலும்பு முறிவாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. பயப்பட வேண்டாம், பிஞ்சு எலும்பு சீக்கிரமே கூடிவிடும். சத்து சரியாகக் கிடைத்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயசுக்குள் எலும்பும் தேறிவிடுகிறது.

விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. குழந்தைகள் பிரிவில் பிசியோதெரபிக்கு எங்கே போகணும் என்று கேளுங்கள். அம்மா பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ இ.எஸ்.ஐ. கட்டுபவர் என்றால், தகுதி இருந்தால் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகாலப் பலன் உண்டு. தீபாவளி ஆர்டர் நெருக்கடி என்று பாதியில் திரும்ப வேண்டாம். அவர் வேலைக்குப் போகிற நாளில் பிள்ளை பாட்டி கையில்தான் இருக்கும். ஆகவே அடுத்த செக்கப்புக்கு ஆட்டோ பிடிக்கும்போது, பாட்டியையும் ஏற்றிக்கொள்ளுங்கள். எப்படித் தூக்கணும், எப்படிக் குளிப்பாட்டணும் என்பதை டாக்டர் அவருக்கே நேரில் காட்டட்டும்.