பொலிஸ் வானொலியும் பொதுமக்கள் செவியும்

1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரப் பொலிசார் தம் ரோந்து வண்டிகளுக்கு வானொலிமூலம் கட்டளை அனுப்பத் தொடங்கினர். இத்தகைய கட்டளைகளை வீட்டிலிருந்தபடியே செவிமடுப்போரும் விரைவில் தோன்றினர். 1938இல் நியூயோர்க்கின் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் வீஜீ, தம் காரில் பொலிஸ் வானொலி வைத்திருக்க அனுமதி பெற்று, விபத்தும் குற்றமும் நிகழ்ந்த இடங்களுக்கு விரைந்து சென்று படம் பிடித்தார்.

பின்னர் வந்த 'ஸ்கேனர்' என்னுங் கருவி அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவிப் பேச்சுக் கேட்குமிடத்தில் நிற்பது. அதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். இப்பொழுதோ பேச்சு எண்களாக மாறி, இரகசியத் திறவுகோலொன்றாற் குழப்பப்பட்டு வானிற் செல்கின்றது. திறவுகோல் இல்லாதார்க்குக் கிட்டுவது வெறும் இரைச்சலே. 2022இல் சிக்காகோவில் இம்மாற்றம் நடைபெற்றபோது, பொதுமக்கள் 30 நிமிடம் தாழ்த்தியே கேட்கலாமென விதித்தனர். 2023இல் நியூயோர்க் பொலிசாரும் புரூக்ளின் பகுதியில் இம்முறையைத் தொடங்கினர்.

துன்புற்றோரின் பெயரும் முகவரியும் ஊரெங்கும் ஒலிப்பது முறையன்று. பொலிசார் வருவதைக் கள்வனும் கேட்டறியக்கூடும். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தெருமுனையில் துப்பாக்கி வெடிக்கையில், அரைமணி கழித்து வருஞ் செய்தியால் அத்தெருவில் வாழ்வோர்க்குப் பயன் யாது? பொலிசார் தாமே கூறுவதையன்றி வேறெதனையும் அறியாத பத்திரிகை, அவர்தம் செயலை எங்ஙனம் ஆராயும்?

துப்பறியும் பேச்சையும் தனியார் விவரங்களையும் மறைத்து, அவசர அழைப்புகளை யாவருங் கேட்க விடுதலே தக்கதென்பது நம் கருத்து.