குழாய்க் கம்பெனி கை மாறும்போது



தோட்டம் கை மாறப்போகிறது என்ற பேச்சு லயத்தில் எழுந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்களில் சிலர் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். மரத்துக்கு விலை பேசினார்கள், நிலத்துக்கு விலை பேசினார்கள். பால் வெட்டியவர்களின் வேலையும் வீடும் என்ன ஆவது என்று கேட்க அந்தப் பேச்சில் ஆள் இல்லை. அதற்கு ஒரு மாற்றாகத்தான் 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். விற்பனை என்றால் என்ன என்பதை, விற்கப்படுகிற இடத்தில் நின்று நாம் கற்றுக்கொண்டோம்.

இன்று நாம் பேசப்போவது அதைவிட மிகச் சிறிய விற்பனையைப் பற்றி. தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் தொழில் நடத்தும் நம் பிள்ளைகள் இன்று விற்பவர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் வீடமைப்புத் தாமான்கள் பெருகியபோது, கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டபோது, குத்தகைக்காரரோடு போய்க் குழாய் வேலை பழகியவர்கள் உண்டு. பழகியவர்களில் சிலர் பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கினார்கள், இரண்டு ஆள் வைத்தார்கள், பெயர்ப் பலகை மாட்டினார்கள்.

அப்படிப்பட்ட ஓர் அண்ணனை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது 58. முழங்கால் வலியால் கூரைத் தொட்டிக்கு ஏற முடியவில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு வேன், நான்கு ஆட்கள், சாமான் வைக்க ஒரு ஸ்டோர். ஒருநாள் காப்பிக் கடையில் ஒருவர் வந்து உட்கார்ந்து, "அண்ணே, கம்பெனியை எனக்குக் கொடுத்துவிடுங்கள், ஒன்றரை லட்சம் தருகிறேன்" என்கிறார். நல்ல மனிதர், தெரிந்த மனிதர். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று அண்ணனுக்குத் தோன்றுகிறது.

அந்தத் தாளில் கையெழுத்து வைக்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, விற்கப்படும் பொருள் எது என்பதுதான். கேட்க எளிய கேள்வி. பதில் அத்தனை எளிதன்று.

அண்ணன் தம் தொழிலை 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி தம் பெயரில் பதிந்திருந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேறு, கம்பெனி வேறு அல்ல. அப்போது விற்கக்கூடியவை வேன், சாமான், வாடிக்கையாளர், தொழிலுக்கு ஏற்பட்ட நற்பெயர் ஆகியவையே. பழைய கடன்கள் அண்ணனோடேயே நிற்கும். செண்டிரியான் பெர்ஹாட்டாகப் பதிந்திருந்தால் கதை வேறு. அங்கே விற்பது பங்குகளை. கம்பெனி என்ற பெட்டி அப்படியே கை மாறும். பெட்டிக்குள் இருக்கும் கடன், வழக்கு, வரி பாக்கி எல்லாம் சேர்ந்தே மாறும். இதனால்தான் வாங்குபவர் சொத்தை மட்டும் வாங்கப் பார்ப்பார், விற்பவர் பங்கை விற்கப் பார்ப்பார். பங்கு மாற்றத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு 3 வெள்ளி வீதம் முத்திரைத் தீர்வையும் உண்டு. கடைக் கட்டடத்தையும் சேர்த்து விற்றால் நிலச் சொத்து ஆதாய வரி தனிக் கணக்கு.

பங்கை விற்றதும் தலைமுழுகிவிட்டோம் என்று அண்ணன் நினைக்கக்கூடாது. கம்பெனி வங்கியில் கடன் வாங்கியபோது அவர் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். கம்பெனி கை மாறினாலும் அந்த ஜாமீன் தானாக மாறாது. புதியவர் தவணை கட்டாவிட்டால் வங்கி பழையவரின் வீட்டுக் கதவைத் தட்டும். வங்கி எழுத்து மூலம் விடுவித்த பிறகே கைமாற்றத்தை முடிக்க வேண்டும். தவணையில் எடுத்த வேனுக்கும் இதே சங்கதிதான். கடன் தீரும்வரை கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது.

அடுத்தது விலை. ஒன்றரை லட்சம் சரியா, குறைவா, அதிகமா? இங்கேதான் கணக்காளர் வேண்டும். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்தவரா என்று பார்த்துப் போங்கள். அவர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வருடத்துக்கு 96,000 வெள்ளி மிஞ்சுகிறது என்று அண்ணன் சொல்கிறார். அவர் தமக்கென்று சம்பளம் எடுப்பதில்லை. அவர் இடத்தில் ஒரு மேற்பார்வையாளரை வைத்தால் மாதம் 4,000 வெள்ளி என்று கொள்வோம். வருடத்துக்கு 48,000 போயிற்று. தொலைபேசி எடுப்பது, பில் எழுதுவது, பாக்கிக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அண்ணி செய்கிறார். அவருக்கு ஒரு காசு சம்பளமும் கணக்கில் இல்லை. அந்த வேலைக்கு ஆள் வைத்தால் மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. மீதி 30,000. வாங்குபவர் விலை கொடுப்பது இந்த முப்பதாயிரத்துக்குத்தான். அண்ணியின் உழைப்பு இத்தனை வருடமாக லாபம் என்ற பெயரில் ஒளிந்திருந்தது என்பது விற்கும் நாளில்தான் வெளியே வருகிறது. நம் வீடுகளில் இது அபூர்வமன்று.

"வரிக்குக் காட்டாத பணமும் இருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். வரி அலுவலகத்துக்கு ஒரு கணக்கு, வாங்குபவருக்கு ஒரு கணக்கு என்று காட்டினால் எந்தக் கணக்காளரும் கையெழுத்துப் போடமாட்டார். குறைத்துக் காட்டியதற்குத் தண்டம் இரண்டு பக்கமும் கட்டவேண்டியிருக்கிறது: வரியாக ஒன்று, விலைக் குறைவாக ஒன்று. நல்ல விலைக்கு விற்க நினைப்பவர் இரண்டு மூன்று வருடம் முன்பே கணக்கை நேராக்கத் தொடங்க வேண்டும்.

குழாய்த் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீடமைப்பு வேலை எடுத்தால் குத்தகைப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். புது வீட்டுக்குச் சாவி கொடுத்ததிலிருந்து 24 மாதம்வரை தோன்றும் குறைகளை மேம்பாட்டாளர் சரிசெய்து தரவேண்டும் என்பது வீடமைப்பு ஒப்பந்தத்தில் உள்ள விதி. சுவருக்குள் குழாய் கசிந்தால் அவர் பிரதான குத்தகைக்காரரைக் கேட்பார், அவர் அண்ணனைக் கேட்பார். அண்ணன் விற்றுப் பத்து மாதம் கழித்துக் கசிந்தால் யார் போய்ச் சுவரை உடைப்பது? பிடித்து வைத்த பணம் வந்தால் யாருக்குச் சேரும்? பணம் பழையவருக்கு, வேலை புதியவருக்கு என்று ஆகிவிட்டால் சண்டை நிச்சயம். நடந்து முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். காப்பிக் கடைத் தாளில் இது ஒருபோதும் இருப்பதில்லை.

அனுமதிப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும். நீர்க் குழாய் வேலைக்கு ஸ்பான் என்கிற தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதி தேவை. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அது. குத்தகை எடுக்க சி.ஐ.டி.பி. பதிவு தேவை. அனுமதி அண்ணனின் சொந்தத் தகுதியை வைத்துக் கொடுக்கப்பட்டதானால், அவர் போன பிறகு அதை வைத்து வேலை செய்ய முடியாது. வாங்குபவரிடம் தகுதியுள்ள ஆள் உண்டா, இல்லையென்றால் அண்ணன் சில மாதம் சம்பளத்துக்கு இருந்து கொடுப்பாரா என்பதை முன்னதாகவே அந்தந்த அலுவலகத்தில் விசாரித்துப் பேசிக்கொள்வது நல்லது.

இனி அந்த நான்கு ஆட்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். பங்கு விற்பனையில் முதலாளி அதே கம்பெனிதான். வேலை ஒப்பந்தம் அறுவதில்லை. தொழிலையே வேறொருவர் எடுத்துக்கொண்டால் 1980-ஆம் ஆண்டு வேலை நிறுத்த நிவாரண விதிகள் குறுக்கே வரும். கைமாறிய ஏழு நாட்களுக்குள் புதியவர், பழைய நிலைமைக்குக் குறையாத வேலையைத் தொடர்ந்து தருவதாகச் சொல்லவேண்டும். சொன்னால் பழைய சேவைக் காலமும் தொடர்ந்து எண்ணப்படும். சொல்லாவிட்டால் வேலை நிறுத்தப்பட்டதாகவே பொருள். நிவாரணம் கொடுத்தாக வேண்டும். ஒரு வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு இது பொருந்தும். எட்டு வருடம் அண்ணனோடு இருந்த ஆளுக்கு 160 நாள் சம்பளம். விலை பேசும்போது இதை மறந்தவர் பிறகு தம் பையிலிருந்து எடுக்கவேண்டிவரும்.

ஊழியர் சேமநிதி பாக்கி இருந்தால் அது இன்னும் கடுமை. கம்பெனி கட்டத் தவறிய சேமநிதிக்கு அதன் இயக்குநர்களே சொந்தமாகப் பொறுப்பாக வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேலை செய்யும் பிள்ளைகளும், முதலாளி மாறுகிறார் என்று தெரிந்தவுடன் தங்கள் சேமநிதிக் கணக்கையும் சொக்சோ சந்தாவையும் மாதம் மாதமாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடுபட்ட மாதத்தைக் கேட்க வாங்குபவர் பணம் கொடுக்குமுன் இருக்கும் நேரமே நல்ல நேரம்.

வாங்குபவரின் பயம் வேறு. பணத்தை வாங்கிக்கொண்டு அண்ணன் அடுத்த தெருவில் புதுப் பலகை மாட்டினால்? ஒருவரைத் தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. நற்பெயரை விற்றவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. நியாயமான, குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ளலாம். சுங்கைப்பட்டாணி வட்டாரம் என்றால் நியாயம். கெடா, பினாங்கு, பேராக் முழுவதும் என்று எழுதி வந்தால் கையெழுத்துப் போடுமுன் வழக்குரைஞரிடம் காட்டுங்கள்.

வழக்குரைஞர் என்றதும் செலவை நினைத்து இரு தரப்பும் ஒரே ஆளிடம் போவதுண்டு. நம் கருத்தில் இது தவறான சிக்கனம். ஒரே ஆள் இருவருக்காகவும் பேரம் பேச முடியாது. ஆளுக்கொருவர் வைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். முன்பணத்தை நேரே கையில் வாங்காமல் வழக்குரைஞரின் கணக்கில் நிறுத்தி வைத்தால் இருவருக்கும் தூக்கம் வரும். தரகர் ஒருவர் நடுவில் இருந்தால் அவர் யாரிடம் கமிஷன் வாங்குகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டாம்.

விற்காமல் இன்னொருவரோடு இணைவதும் ஒரு வழி. ஒருவரிடம் அனுமதியும் அனுபவமும், மற்றவரிடம் இளவயதும் வேனும் இருந்தால் பொருந்தும். கூட்டுத் தொழிலாக இணைந்தால், சேருமுன் இருந்த கடனுக்குப் புதிதாகச் சேர்ந்தவர் பொறுப்பல்லர். சேர்ந்த பின் வரும் கடனுக்கு இருவரும் முழுப் பொறுப்பு. விலகுபவர், விலகுமுன் ஏற்பட்ட கடனிலிருந்து தானாக விடுபடமாட்டார். சேரும் நாளிலேயே பிரியும் முறையையும் எழுதி வைக்கச் சொன்னால் சிலர் அபசகுனம் என்பார்கள். கல்யாணத்துக்கு அப்படிச் சொல்லலாம், கம்பெனிக்கு வேண்டாம்.

கணக்காளரைப் பார்க்கப் போகும் முதல் நாள் அண்ணனோடு அண்ணியும் போகட்டும். மூன்று வருட வரிப் படிவம், வங்கிக் கணக்கு, சேமநிதி ரசீது, வேன் கடன் தாள், பிடித்து வைக்கப்பட்ட பணத்தின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அவை எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது அநேகமாக அவருக்குத்தான் தெரியும்.