வரிசையை நாடிய வாழ்வு

'நகரம்' என்ற சொல்லையும் 'நரகம்' என்ற சொல்லையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். இரண்டிலும் உள்ளவை அதே நான்கு எழுத்துகள். நடுவிலுள்ள இரண்டும் இடம் மாறியமையாற் பொருள் முற்றாக வேறுபட்டுவிட்டது. ஒரு சொல்லில் என்னென்ன எழுத்துகள் உள்ளன என்பதை மட்டும் அறிந்தவன் அச்சொல்லை அறிந்தவனாகமாட்டான். எதன் பின் எது வருகின்றது என்பதையும் அவன் அறிதல் வேண்டும். உயிர்ப்பொருள்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டிய பெருமை, பிரெடரிக் சாங்கர் என்னும் ஆங்கில உயிர் இரசாயனவியலாளரைச் சாரும்.

நம் உடலில் நிகழும் தொழில்களுட் பெரும்பாலானவற்றை நடத்துவன புரதங்கள். உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்களும், குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினும், தசையும், தலைமயிரும் புரதங்களே. அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள் நூலிற் கோத்த மணிகள் போல ஒன்றோடொன்று இணைந்து புரதம் ஆகின்றது. இம்மணிகளில் ஏறக்குறைய 20 வகைகள் உள்ளன.

1940ஆம் ஆண்டளவில் இவ்வளவும் அறிஞர்க்குத் தெரிந்திருந்தது. ஒரு புரதத்தை அமிலத்திலிட்டுக் கொதிக்கவைத்தால் நூல் அறுந்து மணிகள் சிதறும். எந்த மணி எத்தனை என்று எண்ணலாம். ஆனால் அவை எவ்வரிசையிற் கோக்கப்பட்டிருந்தன என்பதை அறிய வழி இருக்கவில்லை. திட்டமான வரிசை என்று ஒன்று உண்டா என்பதிலேயே சிலர் ஐயங்கொண்டனர். புரதம் என்பது ஒன்றையொன்று ஒத்த பல பொருள்களின் கலவையாகவும் இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். இவ்வையம் தீராதவரை, புரதம் தன் தொழிலை எவ்வாறு செய்கின்றது என்ற வினாவுக்கு விடைகாண இயலாது.

சாங்கர் 1918ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள், இங்கிலாந்தின் குளொஸ்டர்சயர்ப் பகுதியிலுள்ள றென்ட்கம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் மருத்துவர். குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினரின் நெறியில் வளர்ந்த சாங்கர், இரண்டாம் உலகப் போரின்போது படைத்தொழிலை மனச்சான்றின்படி மறுத்தோருள் ஒருவர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கற்று, 1943இல் அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டில் உயிர் இரசாயனவியற் பேராசிரியராகப் பொறுப்பேற்ற சிப்னல், இன்சுலினை ஆராயுமாறு அவரைத் தூண்டினார்.

இன்சுலின் சதையியிற் சுரக்கும் ஓமோன். குருதியிலுள்ள வெல்லத்தின் அளவை அது கட்டுப்படுத்துகின்றது. 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பான்ரிங்கும் பெஸ்ற்றும் அதனைப் பிரித்தெடுத்த பின்னர், நீரிழிவால் மடியவிருந்த எத்தனையோ குழந்தைகள் உயிர்பிழைத்தனர். மருந்தாகப் பயன்பட்டமையால் அது தூய நிலையிற் போதிய அளவு கிடைத்தது. புரதங்களுள் அது சிறியதுமாகும். இவ்விரு காரணங்களாலும் ஆராய்ச்சிக்கு அது தக்கதாயிற்று. மாட்டின் சதையியிலிருந்து பெற்ற இன்சுலினைச் சாங்கர் தம் ஆய்வுக்குக் கொண்டார்.

முதலில் அவர் தேடியது சங்கிலியின் தலையை. சங்கிலியின் ஒரு முனையில், வேறெதனோடும் பிணையாத அமினோக் கூட்டம் ஒன்று நிற்கும். அதனைப் பற்றிக்கொண்டு மஞ்சள் நிறம் காட்டும் ஓர் இரசாயனப் பொருளை அவர் கையாண்டார். பின்னர்ப் புரதத்தை அமிலத்திற் கொதிக்கவைத்தபோது மற்றை மணிகள் யாவும் சிதறின. மஞ்சட் பொருளோ தான் பற்றியதை விடவில்லை. எனவே மஞ்சள் பூசி நின்ற அமினோ அமிலமே தலைமணி என்பது தெளிவாயிற்று. இம்முறையை அவர் 1945இல் வெளியிட்டார். அதனால் இன்சுலினில் இரண்டு வகைத் தலைகள் இருப்பது தெரியவந்தது. ஒன்று கிளைசின், மற்றது பினைல்அலனின். ஆகவே சங்கிலிகளும் இரண்டு வகையின. அவற்றைக் கந்தக அணுக்கள் பாலம்போல இணைத்து நின்றன. அப்பாலங்களைத் தகுந்த அமிலத்தால் உடைத்து, சங்கிலிகளைத் தனித்தனியே பிரித்தெடுத்தார்.

தலை கிடைத்தது, உடலின் வரிசையை அறிவது எவ்வாறு? ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் கையாளும் முறையை இங்கு நினைவுகூரலாம். ஒரே நூலின் பிரதிகள் பல கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறிடத்திற் சிதைந்துள்ளது. ஒரு துண்டின் இறுதிச் சொற்கள் மற்றொரு துண்டின் தொடக்கத்திற் காணப்படின், இரண்டும் அடுத்தடுத்து நிற்க வேண்டியவை என்று அறியலாம். சாங்கர் செய்ததும் இதுவே. சங்கிலியைச் சிலவேளை அமிலத்தாலும், சிலவேளை நொதியங்களாலும் வெவ்வேறிடங்களில் வெட்டினார். இரண்டு மூன்று மணிகள் கொண்ட துண்டுகள் பல கிடைத்தன. அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரிப்பதற்கு மார்ட்டின், சிஞ் என்னும் இரு ஆங்கிலேயர் அமைத்த தாள் முறை உதவியது. வடிதாளின் மூலையில் ஒரு துளி கரைசலை இட்டு, தாளின் ஓரத்தை ஒரு திரவத்திற் தோய்த்தால், திரவம் ஊறிச்செல்லும்போது துளியிலுள்ள பொருள்கள் வெவ்வேறு தூரம் நகர்ந்து தனித்தனிப் புள்ளிகளாக நிற்கும். ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து மீண்டும் ஆராய வேண்டும்.

இப்பணிக்குக் கைகொடுத்தவர்களுள் ஒஸ்திரியாவிலிருந்து வந்த ஹான்ஸ் டப்பியும், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த தொம்சனும் குறிப்பிடத்தக்கவர். 30 மணிகள் கொண்ட சங்கிலியின் வரிசை 1951இலும், 21 மணிகள் கொண்ட சங்கிலியின் வரிசை 1953இலும் வெளியாயின. எஞ்சியது கந்தகப் பாலங்களின் இடம். ஆய்வின்போதே அப்பாலங்கள் அமிலத்தில் இடம்மாறிப் பொய்ச்சான்று கூறின. அம்மாற்றத்தைத் தடுக்கும் வழியைக் கண்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. 51 அமினோ அமிலங்களும் மூன்று பாலங்களும் கொண்ட இன்சுலினின் முழு அமைப்பு 1955இல் உலகுக்குத் தெரிந்தது. ஒரு புரதத்தின் இரசாயன அமைப்பை மனிதன் முழுமையாக அறிந்தது அதுவே முதன்முறை. 1958இற் சாங்கருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் விளைந்தது யாது? முதலாவதாக, பழைய ஐயம் ஒழிந்தது. மாட்டின் இன்சுலினில் ஒவ்வொரு மூலக்கூறும் அதே வரிசையைக் கொண்டிருந்தது. பன்றியினதும் செம்மறியாட்டினதும் இன்சுலினை ஆராய்ந்தபோது, சங்கிலியொன்றில் அடுத்தடுத்துள்ள மூன்று இடங்களில் மட்டுமே வேறுபாடு காணப்பட்டது. இரண்டாவதாக, அவ்வரிசையில் மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு எதுவும் புலப்படவில்லை. செய்யுளுக்கு யாப்பு இருப்பதுபோல் இதற்கு ஒரு விதி இருந்திருப்பின், அவ்விதியே வரிசையை அமைத்தது எனலாம். அத்தகைய விதி இல்லாதபோது, வரிசை வேறெங்கோ எழுதிவைக்கப்பட்டிருத்தல் வேண்டும். எங்கே?

அவ்வினாவுக்கு விடை டீ.என்.ஏ. என்னும் பொருளில் இருந்தது. அதன் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953இல் அதே கேம்பிறிட்ஜ் நகரில் வாற்சனும் கிரிக்கும் கண்டிருந்தனர். டீ.என்.ஏ.யின் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள் உள்ளன: அடினின், தைமின், குவானின், சைற்றோசின். இந்நான்கின் வரிசையே புரதத்தின் வரிசையைத் தீர்மானிக்கின்றது. 1962இற் சாங்கர், பெரூட்ஸ் தலைமை தாங்கிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்துக்கு மாறினார். கிரிக்கும் அங்கிருந்தார். புரதத்தின் வரிசையை நாடியவர் அங்கே பரம்பரைப்பொருளின் வரிசையை நாடலானார்.

இவ்வழி எளிதாக இருக்கவில்லை. 20 வகை மணிகள் கொண்ட சங்கிலியைவிட, நான்கே வகை கொண்ட சங்கிலியைப் படிப்பது கடினம். துண்டுகள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். அன்றியும் டீ.என்.ஏ.யின் நீளம் மிகப் பெரிது. எனவே ஆர்.என்.ஏ. எனப்படும் சிறிய உறவினப் பொருளில் அவர் தொடங்கினார். 1967இல் அவருடைய குழுவினர் 120 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. ஒன்றின் வரிசையைக் கண்டனர். துண்டுதுண்டாக வெட்டிப் பொருத்தும் பழைய முறை பெரிய டீ.என்.ஏ.க்குப் போதாது என்பதை உணர்ந்து, தமக்குப் புகழ் தந்த அம்முறையையே அவர் கைவிட்டார்.

புதிய முறை 1977இல் உருவாயிற்று. டீ.என்.ஏ.யைப் பார்த்துப் பிரதி எழுதும் நொதியம் ஒன்று உண்டு. அதற்கு நான்கு எழுத்துகளோடு, அவற்றுள் ஒன்றன் போலி உருவையும் சிறிதளவு கலந்து கொடுத்தார். போலி எழுத்து, ஒருபுறம் துளையில்லாத மணியைப் போன்றது. அது கோக்கப்பட்டதும் அதற்கு மேல் வேறு மணி ஏறாது. அடினினின் போலியைச் சேர்த்தாற் பிரதிகள் யாவும் அடினின் வரவேண்டிய ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடும். நான்கு போலிகளைக் கொண்டு நான்கு குழாய்களில் இதனைச் செய்து, கிடைத்த துண்டுகளைக் கூழ்போன்ற பொருளில் மின்னோட்டத்தாற் செலுத்தினால், சிறியவை விரைந்தும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து நீள வரிசையில் அடுக்கி நிற்கும். கதிர்வீசும் அணு சேர்ந்திருப்பதால் அவை படத்தாளிற் கோடுகளாகப் பதியும். கீழிருந்து மேலாக அக்கோடுகளைப் படித்துச்செல்வதே வேலை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும்.

பற்றீரியாவைத் தாக்கும் மிகச் சிறிய வைரசு ஒன்றின் 5,000க்கு மேற்பட்ட எழுத்துகளை, இதற்கு முந்திய தமது முறையொன்றைக் கொண்டு அவர் குழு அதே 1977இல் வெளியிட்டிருந்தது. அதில் ஒரு வியப்பும் இருந்தது. ஒரே எழுத்துத் தொடரை இருவேறு வகையாகப் பிரித்துப் படித்து இருவேறு புரதங்கள் ஆக்கப்படுகின்றன என்பது தெரியவந்தது. 1981இல் மனிதக் கலத்தின் இழைமணியிலுள்ள டீ.என்.ஏ.யின் 16,569 எழுத்துகளும், 1982இல் வேறொரு வைரசின் 48,502 எழுத்துகளும் படிக்கப்பட்டன. 1980இற் சாங்கருக்கு இரண்டாம் முறையாக இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்கரான கில்பேட்டும் பேர்க்கும் அதனை அவரோடு பகிர்ந்துகொண்டனர். இரசாயனவியலில் இப்பரிசை இருமுறை பெற்ற முதல்வர் அவரே.

இவ்விரு ஆராய்ச்சிகளும் நோயாளியின் வாழ்வில் ஒன்றுகூடின. நீண்ட காலம் நீரிழிவு நோயாளர் மாட்டினதும் பன்றியினதும் இன்சுலினையே நம்பியிருந்தனர். மனித இன்சுலினின் வரிசையும் அறியப்பட்ட பின்னர், அதற்குரிய பரம்பரையலகுகளை ஆய்வுகூடத்தில் ஆக்கி, 1978இற் பற்றீரியாக்களைக் கொண்டு மனித இன்சுலினை உற்பத்தி செய்தனர். 1982இல் அது மருந்தாக ஏற்கப்பட்டது. மனிதனின் ஏறக்குறைய 300 கோடி டீ.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் பன்னாட்டு முயற்சி 1990இல் தொடங்கி 2003இல் நிறைவெய்தியபோது, அதற்கு அடிப்படையாய் அமைந்தது சாங்கரின் 1977ஆம் ஆண்டு முறையே. விடுபட்ட பகுதிகள் 2022இற் புதிய முறைகளால் நிரப்பப்பட்டன. இன்று விரைவான முறைகள் பல வந்துள்ள போதிலும், குறுகிய பகுதியொன்றை ஐயமறச் சரிபார்க்க வேண்டியவிடத்து அவருடைய முறை இன்னும் கையாளப்படுகின்றது.

சாங்கர் 1983இல், 65ஆவது வயதில் ஓய்வுபெற்றுத் தம் தோட்டத்தைப் பேணுவதில் ஈடுபட்டார். 'சேர்' பட்டத்தை அவர் ஏற்க மறுத்தார். கேம்பிறிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஹிங்ஸ்ரன் என்னும் ஊரில் 1993இற் திறக்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 2013ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், தமது 95ஆவது வயதில் அவர் காலமானார்.

இன்சுலினின் அமைப்பு வெளிவந்த ஆண்டுக்கும் டீ.என்.ஏ. முறை வெளிவந்த ஆண்டுக்கும் இடையே 22 ஆண்டுகள் உள்ளன. அக்காலத்தின் பெரும்பகுதியில் உலகம் வியக்கத்தக்க முடிவு எதனையும் அவர் அறிவிக்கவில்லை. நாள்தோறும் ஆய்வுமேசையில் நின்று, ஒரு முறை பயன்படாதபோது மற்றொன்றை முயன்றுகொண்டிருந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட வினா ஒன்றே: எதன் பின் எது? சிறு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது எழும் அவ்வினாவைப் பொறுமையோடு மீண்டும் மீண்டும் கேட்டதனால், உயிரின் ஏட்டைப் படிக்கும் திறனை அவர் மனிதகுலத்துக்கு ஈந்தார்.